எங்க ஊர் கடல் நல்லா இருக்கா கெட்டுப்போச்சான்னு நாமளே எப்படி அளந்து பாக்குறது? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

கடலோரநிலா:

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊரு புதுக்கோட்டை மாவட்டத்துல கட்டுமாவடிக்கும் கோட்டைப்பட்டினத்துக்கும் நடுவுல இருக்கு, பாக் விரிகுடா கடல். அப்பா ஃபைபர் படகு வச்சிருக்காங்க, நண்டு வலைதான் முக்கியமா விடுவாங்க. நான் விலங்கியல் எம்எஸ்சி முடிச்சிட்டு இப்போ ஊர்லதான் இருக்கேன். போன மாசம் ஊர் கூட்டத்துல ஒரு பேச்சு வந்துச்சு, கடல் செத்துக்கிட்டு இருக்குன்னு ஒரு பக்கம் சொல்றாங்க, அதெல்லாம் இல்ல நண்டு விலைக்கு நல்லாத்தான் போகுதுன்னு இன்னொரு பக்கம் சொல்றாங்க, ரெண்டு பக்கமும் சத்தம் போட்டதோட சரி, ஒருத்தர் கையிலயும் கணக்கு இல்ல. கடைசியில தலைவர் என்னைய பாத்து நீ படிச்ச பொண்ணு தானம்மா, இதுக்கு ஒரு வழி சொல்லுன்னுட்டாங்க.

நான் தேடி பாத்ததுல ஓஷன் ஹெல்த் இண்டெக்ஸ்னு ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சுது, உலகம் முழுக்க கடலுக்கு 100க்கு மார்க் போடுறாங்க. அது நாடு நாடா பாக்குற கணக்கு மாதிரி தெரியுது. எங்களுக்கு வேண்டியது கரையோரமா ஒரு 6 கிலோமீட்டர், உள்ள ஒரு 8 கிலோமீட்டர், அவ்வளவுதான். இந்த அளவுக்கு அந்த முறைய இறக்க முடியுமா? கையில பெருசா காசு இல்ல, லேப் இல்ல. இளைஞர் மன்றத்துல 11 பேர், மகளிர் குழுவுல ஒரு 15 பேர் வர்றேன்னு சொல்லியிருக்காங்க. எங்க இருந்து ஆரம்பிக்கணும், எதை அளக்கணும், எதை விட்டுடலாம்னு யாராச்சும் செஞ்சு பாத்தவங்க சொன்னா ரொம்ப உதவியா இருக்கும்.

---

முத்துநகர்_டைவர்:

தங்கச்சி நல்ல கேள்வி கேட்டிருக்க. நான் தூத்துக்குடி, மன்னார் வளைகுடா தீவுகள் பக்கம் பவளப்பார் சர்வேக்கு பல வருசம் தண்ணிக்குள்ள இறங்குனவன்.

அந்த இண்டெக்ஸ் 2012ல வந்தது. அந்த வருசம் உலகக் கடல் மொத்தத்துக்கும் 60 மார்க் போட்டாங்க. தண்ணி எவ்வளவு அழுக்குன்னு மட்டும் அது பாக்கறதில்ல, கடல் மனுசனுக்கு என்னெல்லாம் குடுக்குதுன்னு 10 தலைப்புல பாக்கும். சாப்பாட்டு மீன், சின்ன மீனவங்களுக்கு தொழில் செய்ய வழி, பாசி சங்கு மாதிரி பொருள், கரியமில வாயுவ புடிச்சு சேமிக்கிறது, கரைக்கு பாதுகாப்பு, கடலோர பிழைப்பு, சுற்றுலா, நம்ம கடல்னு மனசுல இருக்குற ஒட்டுதல், சுத்தமான தண்ணி, உயிர் வகைகள். ஒவ்வொண்ணுக்கும் இன்னைக்கு நிலைமை என்ன, கடைசி 5 வருசமா ஏறுதா இறங்குதா, என்னென்ன தொந்தரவு அமுக்குது, அதை தாங்க என்ன ஏற்பாடு இருக்குன்னு நாலு கேள்வி கேட்டு மார்க் போடுவாங்க. பிரேசில், இஸ்ரேல், ஈக்வடார்ல குயாக்கில் வளைகுடா, அமெரிக்காவோட மேற்கு கரைன்னு அந்தந்த ஊர்க்காரங்க தங்களுக்கு ஏத்த மாதிரி மாத்தி செஞ்சிருக்காங்க, அதனால முறைய கீழ இறக்க முடியும். பத்தையும் நீ செய்யணும்னு இல்ல. உங்க ஊர்ல டூரிஸ்ட் வரலன்னா சுற்றுலாவ தூக்கி போட்டுடு.

ஆனா எல்லாருமே தடுமாறுற இடம் ஒண்ணு இருக்கு, அதை முதல்லயே சொல்லிடுறேன். 100க்கு எவ்வளவுன்னு கேட்டா, அந்த 100ங்கிறது என்ன? எந்த காலத்து கடல முழு மார்க்குன்னு வைக்கிற? எங்க பக்கத்து கதைய கேளு. மன்னார் வளைகுடாவுல 2005 வாக்குல உயிரோட இருந்த பவளம் ஏறக்குறைய 37 சதவீதம், 2021ல 27 சதவீதம் பக்கம் வந்துடுச்சு. 2005ஐ முழு மார்க்குன்னு வச்சா நாம 10 புள்ளி இழந்திருக்கோம்னு தோணும். ஆனா 2005க்கு முன்னாடியே எத்தனையோ வருசமா சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளத்த வெட்டி வெட்டி வள்ளத்துல கொண்டு வந்தாச்சு. 21 தீவுல பூவரசன்பட்டி, விலங்குச்சல்லின்னு ரெண்டு தீவு தண்ணிக்குள்ள போனதே அதனாலதான். 2001ல பவளத்த வனஉயிர் சட்டத்தோட முதல் பட்டியல்ல சேர்த்த பிறகுதான் வெட்டுறது அடங்குச்சு. அப்போ 2005ங்கிறதே அடிபட்ட கடலோட கணக்கு. நீ எந்த வருசத்த அடிக்கல்லா வைக்கிறங்கிறதுலயே பாதி முடிவு அடங்கிடும், அதனால அத ஊரே உக்காந்து பேசி முடிவு பண்ணுங்க, தனியா நீ வைக்காத.

அளந்து பாத்து சரி பண்ண முடியுமான்னு யாராச்சும் கேட்டா வான் தீவ காட்டு. 1986ல 16 ஹெக்டேர் சுமாருக்கு இருந்தது தேஞ்சு தேஞ்சு 2 ஹெக்டேர்கிட்ட வந்துடுச்சு, இன்னும் கொஞ்ச நாள்ல காணாம போயிடும்னாங்க. வருசா வருசம் அளந்து வச்ச கணக்கு கையில இருந்ததாலதான் 2015ல இருந்து அதுக்கு முன்னாடி கடல்ல காங்கிரீட்ல செஞ்ச செயற்கைப் பார் இறக்க முடிஞ்சுது. அலை வேகம் குறைஞ்சு மணல் திரும்ப சேர ஆரம்பிச்சுது, இப்போ அந்த காங்கிரீட் மேல பவளமும் புடிச்சு வளருது, மீனும் நிக்குது. கணக்கு இல்லாம தேயுதுன்னு வாயால சொல்லியிருந்தா இது நடந்திருக்காது.

---

பாம்பன்_மரியான்:

பாப்பா நான் பாம்பன், 38 வருசமா கடல், போன்ல பேசி டைப் பண்றேன் எழுத்து தப்பா வந்தா பொறுத்துக்க. டைவர் தம்பி சொன்னது சரி அந்த முழு மார்க் எதுன்னு கேக்குறதுதான் முக்கியம் அதுக்கு நீ கம்ப்யூட்டர்ல தேடாத உங்க ஊர்ல 60 வயசு தாண்டுன ஆளு எத்தனை பேர் இருக்காக எல்லார் வீட்டுக்கும் போ ஒரு நோட்டு எடுத்துக்க. சும்மா அந்த காலத்துல மீன் நிறைய இருந்துச்சான்னு கேட்டா எல்லாரும் ஆமான்னுதான் சொல்லுவாக அதுல ஒண்ணும் கிடைக்காது. கேள்விய குறுக்கு, நீங்க முதல்ல சொந்தமா படகு வச்ச வருசம் எது, அப்போ எத்தனை வலை, எத்தனை பாகம் ஆழத்துல விட்டீக, கரையில எந்த அடையாளம் தெரியுற இடம், பள்ளிவாசல் மினாராவும் தென்னந்தோப்பும் ஒண்ணா சேர்ற இடமா கோயில் கோபுரம் மறையுற இடமா, என்ன மீன் வரும், எந்த மீன் அப்போ வந்து இப்போ வரவே இல்ல. கடைசி கேள்விதான் பெரிய கேள்வி. ஒவ்வொருத்தரும் ரெண்டு மூணு மீன் பேரு சொல்லுவாக, அந்த பேரே உங்க வயசு பிள்ளைகளுக்கு தெரியாது, அதெல்லாம் எழுதிக்க, அஞ்சு பேர் தனித்தனியா ஒரே மீன சொன்னா அது போயிடுச்சுன்னு அர்த்தம்.

எங்க அப்பா காலத்துல நான் சின்ன பையனா இருக்கும்போது ஆவுளியா, அதான் கடற்பசு, வலையில மாட்டி நான் பாத்திருக்கேன், அதை வெட்டி பங்கு போட்டதும் உண்டு, அது தப்புன்னு அப்போ யாருக்கும் தோணல. இப்போ என் பேரன் அதை படத்துலதான் பாத்திருக்கான். அவனுக்கு ஆவுளியா இல்லாத கடல்தான் நல்ல கடல், எனக்கு அது குறைஞ்ச கடல், எங்க அப்பாவுக்கு நான் பாத்ததே குறைஞ்ச கடல். இதை நினைச்சா ராத்திரி தூக்கம் வராது பாப்பா.

இன்னொண்ணு விலைய வச்சு கடல் நல்லாருக்குன்னு சொல்ற ஆளுககிட்ட சொல்லு, காசு கணக்கு வேற கிலோ கணக்கு வேற. முன்னாடி 500 மீட்டர் வலையில புடிச்ச நண்டுக்கு இப்போ எத்தனை ஆயிரம் மீட்டர் வலை விடுறோம்? விலை ஏறுனதால கையில காசு வருது, கடல் அதே மாதிரி குடுக்குதுன்னு நினைச்சுக்கிறோம். அதனால ஒரு படகு ஒரு நாள் எத்தனை வலை எத்தனை மணி நேரம் எத்தனை கிலோ, இதை மட்டும் தினமும் எழுதுனா போதும் ஒரே வருசத்துல உண்மை வெளிய வந்துடும். மீன் ஏலம் போடுற இடத்துலயே நின்னு எழுதலாம் அங்க ஒருத்தரும் பொய் சொல்ல மாட்டாக, தராசு இருக்கே.

---

கடலோரநிலா:

டைவர் அண்ணே, மரியான் ஐயா, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. மரியான் ஐயா சொன்னத படிச்சிட்டு அப்பாகிட்டயே முதல்ல கேட்டேன். அப்பா வலை விட ஆரம்பிச்ச காலத்துல எங்க கரையில இருந்து எட்டிப்பாத்தா தண்ணிக்கு அடியில புல்லு மாதிரி வளர்ற கடல்தாழைக்காடு கறுப்பா தெரியுமாம், படகு புரொப்பல்லர்ல தாழை சுத்திக்கும்னு அந்த பக்கம் போகாம சுத்தி போவாங்களாம். இப்போ அந்த இடத்துல நேரா ஓட்டிட்டு போறோம். இத்தன வருசம் ஒரே வீட்டுல இருந்தும் இது எனக்கு தெரியாது.

ஒரு சந்தேகம், தண்ணிய எப்படி சோதிக்கிறது? ஊருக்கு தெக்கால இறால் பண்ணைகள் இருக்கு, தண்ணிய வாய்க்கால் வழியா விடுறாங்க. ஊர் சாக்கடையும் அதே வாய்க்கால்தான். அப்புறம் தாழைய அளக்க ஆழத்துல முங்கணுமா, எங்கள்ல டைவிங் தெரிஞ்சவங்க யாரும் இல்ல.

---

அதிரை_கடற்புல்:

சகோதரி, நான் அதிராம்பட்டினம் பக்கம், கடல்தாழை வேலையில கொஞ்ச வருசமா இருக்கேன். முங்க வேண்டியதில்லை. நம்ம பாக் விரிகுடா ரொம்ப ஆழம் கம்மியான கடல், கரையோர தாழை இடுப்பளவு கழுத்தளவு தண்ணியிலயே கிடைக்கும், ஒரு முகக்கண்ணாடி போதும்.

உலகத்துல நிறைய ஊர்ல சாதாரண மக்கள் செய்யுற முறை ஒண்ணு இருக்கு. 50 மீட்டர் கயிறு மூணு எடுத்துக்கணும், கரையில இருந்து கடல பாத்து நேரா, ஒண்ணுக்கொண்ணு 25 மீட்டர் தள்ளி போடணும். ஒவ்வொரு கயித்துலயும் 5 மீட்டருக்கு ஒரு தடவை 50 செண்டிமீட்டர் சதுர சட்டம் வச்சு அதுக்குள்ள எத்தனை சதவீதம் தாழை மூடியிருக்குன்னு கண்ணால பாத்து எழுதணும், போட்டோவும் எடுக்கணும். ஒரு கயித்துக்கு 11 சட்டம், மொத்தம் 33. கூடவே எந்த வகை தாழை, இலை நீளம் எவ்வளவு, மேல பாசி படிஞ்சிருக்கா, அடியில மணலா சேறான்னு எழுதிக்கங்க. முதல் ரெண்டு மூணு தடவை ரெண்டு பேர் தனித்தனியா மதிப்பு போட்டு ஒத்துப் பாருங்க, ஒருத்தர் 40ன்னும் இன்னொருத்தர் 70ன்னும் போட்டா கண்ணு இன்னும் பழகலன்னு அர்த்தம். வருசத்துக்கு மூணு நாலு தடவை அதே இடத்துல அதே கயித்துல செஞ்சா போதும். இடத்த போன் ஜிபிஎஸ்ல குறிச்சு வைங்க, கூடவே ஒரு மூங்கில் கம்பும் நட்டு வைங்க, நம்ம பக்கம் அலை கம்மிங்கிறதால கொஞ்ச நாள் நிக்கும்.

தாழைய ஏன் இவ்வளவு பேசுறேன்னா நம்ம பக்கத்துக்கு பவளத்த விட இதுதான் அடித்தளம். நண்டு குஞ்சு, இறால் குஞ்சு, ஓரா மீன் எல்லாம் இதுக்குள்ளதான் வளருது, ஆவுளியாவுக்கு சாப்பாடே இதுதான். 2022 செப்டம்பர்ல தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடல்ல 448 சதுர கிலோமீட்டர் கடற்பசு பாதுகாப்பகமா அறிவிச்சாங்க தெரியுமா, நாட்டுலயே முதல் தடவை. உங்க ஊர் கடலும் அந்த வரம்புக்குள்ளயோ ஒட்டியோதான் வரும், பாத்துக்கங்க. வந்துச்சுன்னா வனத்துறைக்கே உங்க கணக்கு தேவைப்படும், தனியா போய் கெஞ்ச வேண்டியதில்லை.

தண்ணிக்கு வர்றேன். தண்ணியில கரைஞ்சிருக்குற ஆக்சிஜன், உப்பு, கலங்கல், வெப்பம், இந்த நாலையும் நீங்களே பாக்கலாம். ஆக்சிஜனுக்கு சின்ன பெட்டியா கிட் கிடைக்குது, சொட்டு மருந்து மாதிரி விட்டு நிறம் மாறுறத எண்ணுறது, ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி லேப்ல செஞ்ச மாதிரிதான். கலங்கலுக்கு ஒரு வெள்ளை தட்டு, கீழ கல்லு கட்டி கயித்துல இறக்கி எத்தனை அடியில மறையுதுன்னு பாக்குறது, செலவே இல்ல, தட்டு தரைய தொட்ட பிறகும் தெரிஞ்சுதுன்னா அப்படியே எழுதிக்கங்க. ஆனா ஒரு விசயத்துல நான் ஏமாந்திருக்கேன், நீங்க ஏமாறக்கூடாது. தாழை இருக்குற இடத்துல பகல்ல அது ஆக்சிஜன வெளிய விடும், ராத்திரி முழுக்க இழுக்கும். மதியம் 2 மணிக்கு அளந்தா பிரமாதமா காட்டும், விடியக்காலை 5 மணிக்கு அதே இடம் பரிதாபமா காட்டும். முதல் வருசம் நாங்க ஒரு மாசம் காலையிலயும் அடுத்த மாசம் மதியத்துலயும் எடுத்துட்டு கடல் திருந்திடுச்சுன்னு ரிப்போர்ட் எழுதினோம், அந்த வருச டேட்டா மொத்தமும் வீணா போச்சு. எப்பவும் ஒரே நேரம், முடிஞ்சா விடியும்போது, அப்போதான் மோசமான நிலைமை தெரியும். அதே மாதிரி வாடைக்காத்து மாசத்துல கடல் கலங்கித்தான் இருக்கும், மழைத்தண்ணி வந்து உப்பும் குறையும், அதை ஏப்ரல் மாசத்தோட ஒப்பிடாதீங்க, இந்த வருச டிசம்பர போன வருச டிசம்பரோட ஒப்பிடுங்க.

அளவுகோலுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வச்ச கணக்கு இருக்கு. குளிக்கிற மாதிரி கடல் தண்ணின்னா ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்கு குறையக்கூடாது, மலக்கிருமி 100 மில்லிக்கு 100ஐ தாண்டக்கூடாது. கிருமி மட்டும் உங்களால வீட்டுல பாக்க முடியாது, கொதிக்க வச்ச சுத்தமான பாட்டில்ல எடுத்து ஐஸ் பெட்டியில போட்டு அன்னைக்கே ஏதாச்சும் காலேஜ் மைக்ரோபயாலஜி லேபுக்கு கொண்டு போகணும், நீங்க படிச்ச காலேஜ்லயே கேளுங்க, மாணவங்களுக்கு ப்ராஜெக்ட்டா குடுத்தா சந்தோசமா செய்வாங்க. வாய்க்கால் வாய்லயும், 200 மீட்டர் தள்ளியும், வாய்க்காலே இல்லாத வடக்கால பக்கமும்னு மூணு இடத்துல எடுங்க. ஒரே இடத்துல எடுத்தா ஒண்ணும் சொல்ல முடியாது, ஒப்பிட இன்னொரு இடம் வேணும்.

---

மல்லிப்பட்டினம்_ராஜா:

எல்லாம் சரிங்க, நல்லா படிச்சவங்க பேசுறீங்க. நான் நேரா கேக்குறேன். சட்டத்துல விசைப்படகு 5 நாட்டிக்கல் மைலுக்கு உள்ள வரக்கூடாதுன்னு இருக்கு, வர்றாங்களா இல்லையா? ரெண்டு படகு சேந்து ஒரே மடிவலைய இழுக்குற இரட்டைமடி கூடாதுன்னு இருக்கு, இழுக்குறாங்களா இல்லையா? அடியில சங்கிலி கட்டி இழுத்தா தாழை வேரோட வருது, அதுல நண்டு சினையோட நசுங்குது. இதை கண்ணால பாத்துட்டு இருக்கும்போது சதுர சட்டம் வச்சு தாழை எண்ணுறதும் தட்டு இறக்குறதும் யாருக்கு? நானும் 2018ல கஜா அடிச்சப்போ படகு வலை எல்லாம் போச்சு, அதுக்கப்புறம் எத்தனையோ பேர் வந்து கணக்கு எடுத்துட்டு போனாங்க, பேப்பர் போனதோட சரி. அந்த பொண்ணு மனச உடைக்க சொல்லல, ஆனா 26 பேரோட உழைப்பு வீணா போகக்கூடாதுன்னு சொல்றேன்.

---

முத்துநகர்_டைவர்:

ராஜா அண்ணே உங்க கோவம் நியாயம்தான், எனக்கும் அதே கோவம் உண்டு. ஆனா கஜாவுக்கு அப்புறம் கணக்கு எடுத்தவங்க யாரு, வெளியாளுக. எடுத்தாங்க, கொண்டு போனாங்க, உங்க கையில ஒரு நகல் கூட இல்ல. நிலா செய்ய நினைக்கிறது ஊர் கையிலயே இருக்குற நோட்டு. நீங்க கலெக்டர் ஆபீசுல மீனவர் குறைதீர் கூட்டத்துல எந்திரிச்சு விசைப்படகு உள்ள வருதுன்னு சொன்னா ஆதாரம் இருக்கான்னு கேப்பாங்க. இந்தந்த தேதி, இந்த மணி, இந்த ஜிபிஎஸ் புள்ளி, அதுக்கு முன்னாடி மாசம் அந்த இடத்துல தாழை 60 சதவீதம், அதுக்கு அப்புறம் 20, போட்டோ இருக்குன்னு வச்சா அவங்களால தட்டிக்கழிக்க முடியாது. நீங்க கண்ணால பாத்தத கூட்டத்துல இருக்குறவங்களும் பாக்குற மாதிரி பண்றதுதான் இந்த அளவு.

இன்னொரு வழியும் இருக்கு. வருசா வருசம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம் நமக்கு, விசைப்படகு எல்லாம் கரையில நிக்கும், நாட்டுப்படகு மட்டும் பக்கத்துல தொழில் பாக்கும். இதைவிட பெரிய சோதனை யாரும் காசு செலவு பண்ணி நடத்த முடியாது. தடை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வாரமும், நடுவுலயும், முடிஞ்சு ரெண்டு வாரம் கழிச்சும் ஒரே படகு ஒரே வலையில என்ன கிடைச்சுதுன்னு எழுதுங்க. பருவம் மாறுறதாலயும் மீன் மாறும், அதனால ஒரு வருசத்துல முடிவு கட்டாதீங்க, மூணு வருசம் சேருங்க.

நம்ம கையில இல்லாததும் இருக்குன்னு ஒத்துக்கணும். 2010லயும் 2016லயும் கடல் சூடாகி எங்க பக்கம் பவளம் வெளுத்தப்போ ஊர்க்காரங்களால ஒண்ணும் செய்ய முடியல. 2019 செப்டம்பர்ல மண்டபம் பக்கம் பூங்கோரைன்னு சொல்ற நுண்பாசி பெருகி வந்து கடலே பச்சையா மாறி, ஆக்சிஜன் போயி, மீன் செத்து ஒதுங்குச்சு, சிங்கிள் தீவு பவளமும் செத்துச்சு. ஆனா கவனிச்சதுல ஒண்ணு சொல்றேன், ஏற்கனவே சாக்கடையும் வலைக்குப்பையும் சேறும் அமுக்குன பார்தான் சூட்டுக்கு அப்புறம் எந்திரிக்க கஷ்டப்படும். சூட்ட குறைக்க ஊரால முடியாது, மத்த பாரத்த இறக்கி வைக்க முடியும்.

---

சின்னப்பாலம்_பாசிக்காரி:

நான் பாம்பன் சின்னப்பாலம், எங்க அம்மா பாட்டி எல்லாம் பாசி எடுக்குறவங்க, நானும் படிப்ப விட்டுட்டு போனேன். ராஜா அண்ணே சொன்னத படிச்சேன். மத்தவங்க மாறணும்னு காத்திருந்தா எதுவும் நடக்காது, எங்க பொம்பளைங்க செஞ்சத சொல்றேன். முன்னாடி மாசம் முழுக்க தீவுப்பக்கம் போய் மரிக்கொழுந்து பாசிய இரும்பு தகடு வச்சு சுரண்டி எடுப்போம், பாறையே பேந்து வரும். பாசி திரும்ப முளைக்கல. அப்புறம் எங்களுக்குள்ளயே பேசி மாசத்துக்கு 12 நாள் மட்டும் போறதுன்னு வச்சோம், தகடு வேணாம், கையில துணி சுத்திக்கிட்டு கையாலதான் எடுக்கணும், தடைக்காலத்துல நாங்களும் நிறுத்திக்குவோம். யாரும் சட்டம் போட்டு சொல்லல. இதுக்காக எங்க ஊர் அக்கா ஒருத்தங்களுக்கு 2015ல வெளிநாட்டுல சீகாலஜி பரிசு குடுத்தாங்க, அன்னைக்கு ஊரே அழுதுச்சு.

நிலா தங்கச்சி உனக்கு ஒண்ணு சொல்றேன், மகளிர் குழுவ கணக்கு எழுத மட்டும் வைக்காத. எந்த பாசி எங்க முளைக்குது, எந்த இடத்துல சிப்பி குறைஞ்சுது, கரையில என்ன ஒதுங்குதுன்னு பொம்பளைங்களுக்குத்தான் தெரியும், ஆம்பளைங்க படகுல தாண்டி போயிடுவாங்க. கரைவலை இழுக்குறப்போ மடியில வர்ற குஞ்சு மீன், கரையில கொட்டுற கிழிஞ்ச நண்டு வலை, இதெல்லாம் நாங்கதான் பாக்குறோம். நண்டு வலைய கழிச்சு கழிச்சு கடலோரத்துலயே போட்டுடுறாங்க பாரு, அதுல ஆமையும் மீனும் திரும்ப மாட்டுது, அதை எடை போட்டு கணக்கு எழுத பொம்பளைங்க குழு சரியா இருக்கும். எங்ககிட்ட ஒரு தடவை வந்து நேர்ல பாரு, தங்க இடம் நான் தர்றேன்.

---

அதிரை_கடற்புல்:

அக்கா சொன்னது முக்கியம். அளக்குறதோட ஒரு வேலையும் கூடவே ஆரம்பிக்கணும், இல்லன்னா ஆறு மாசத்துல ஆளுங்க விலகிடுவாங்க. உங்க ஊருக்கு நான் ரெண்டு வேலை சொல்வேன். ஒண்ணு, சினை நண்டு வலையில வந்தா உடனே திரும்ப விடுறது, இல்லன்னா ஒரு தொட்டியில வச்சு குஞ்சு விட்ட பிறகு எடுக்குறது, ஒரு நண்டு வயித்துல லட்சக்கணக்குல முட்டை இருக்கு. இதுக்கு ஊர் கூட்டத்துல தீர்மானம் போட்டா போதும், ரெண்டாவது வருசம் கிலோ கணக்குல வித்தியாசம் தெரியுதான்னு உங்க நோட்டே சொல்லும். இன்னொண்ணு, தாழை போன இடத்துல திரும்ப நடுறது. மூங்கில் சட்டத்துல தேங்காய் நார் கயிறு கட்டி அதுல தாழைக் கன்ன முடிஞ்சு தரையில பதிக்கிறது, பாக் விரிகுடாவுல இப்படி நட்டு நல்லா புடிச்சிருக்கு, பிளாஸ்டிக் குழாய் தேவையே இல்ல, மூங்கிலும் நாரும் மக்கி போயிடும். ஆனா அவசரப்பட்டு நடாதீங்க, எதனால தாழை போச்சோ அந்த காரணம் இன்னும் அங்கேயே இருந்தா நட்டதும் போயிடும். உங்க அப்பா சொன்ன அந்த கறுப்பு இடத்துல முதல்ல ஒரு வருசம் தண்ணி கலங்கல பாருங்க, வெளிச்சம் தரைக்கு போகுதான்னு பாருங்க, மடி இழுக்குறாங்களான்னு பாருங்க.

---

மல்லிப்பட்டினம்_ராஜா:

டைவர் தம்பி சொன்னத ரெண்டு நாள் யோசிச்சேன். நகல் நம்ம கையில இல்லங்கிறது உண்மைதான், அது எனக்கு தோணவே இல்ல. நான் என் படகு கணக்க எழுத ஆரம்பிக்கிறேன். மடி உள்ள வர்றத பாத்தா போன்ல இடத்த குறிச்சு வைக்கிறேன். நிலா, உங்க நோட்டுல எப்படி கோடு போட்டிருக்கீங்கன்னு ஒரு போட்டோ போடு, நாங்களும் அதே மாதிரி போட்டா பின்னாடி ரெண்டு ஊர் கணக்கையும் சேர்க்கலாம்ல.

---

கடலோரநிலா:

ராஜா அண்ணே இத படிச்சதும் அழுகையே வந்துடுச்சு. நேத்து ஊர் கூட்டத்துல இந்த பேச்சு முழுக்க படிச்சு காட்டினேன். முடிவு என்னன்னா, பத்து தலைப்புல நாங்க அஞ்சுதான் எடுத்திருக்கோம், நண்டும் மீனும், நாட்டுப்படகு தொழில், சுத்தமான தண்ணி, தாழையும் உயிர்களும், அஞ்சாவதா நம்ம கடல்ங்கிற ஒட்டுதல். அதுக்கு எப்படி மார்க் போடுறதுன்னு ரொம்ப நேரம் பேசினோம். கடைசியில ஒரு பாட்டி சொன்னாங்க, ஆவுளியா நம்ம கடலுக்கு திரும்ப வந்துச்சுன்னா அதுக்கு முழு மார்க் போடுன்னு. அப்படியே எழுதிட்டோம். வலையில சிக்குனா உயிரோட விடணும்னு தீர்மானமும் போட்டாச்சு, விட்டவங்கள வனத்துறை கூப்பிட்டு பரிசு குடுத்து மரியாதை பண்ணியிருக்காங்கன்னு சொன்னதும் எல்லாரும் சரின்னுட்டாங்க.

முழு மார்க் வருசம்தான் பெரிய சண்டை. பெரியவங்க 11 பேர்கிட்ட தனித்தனியா கேட்டாச்சு, அதுல 9 பேர் சொன்ன மாதிரி எங்க கடல்ல தாழை குறைய ஆரம்பிச்சது 1990க்கு அப்புறம்தான், அதனால 1990ஐ அடிக்கல்லா வச்சிருக்கோம். அந்த வருசத்து அளவு யார்கிட்டயும் இல்ல, பெரியவங்க காட்டின இடத்த அப்பா படகுல போய் ஜிபிஎஸ்ல சுத்தி குறிச்சாங்க, அதுதான் எங்க பழைய தாழைக்காட்டோட வரைபடம். இறால் பண்ணைக்காரங்களையும் கூட்டத்துக்கு கூப்பிட்டிருக்கோம், ஒருத்தர் வர்றேன்னு சொல்லியிருக்காங்க, வாய்க்கால் தண்ணிய அவங்க முன்னாடியே எடுக்கலாம்னு இருக்கோம்.

நோட்டு போட்டோ நாளைக்கு போடுறேன் ராஜா அண்ணே, கோடு நேரா போட்டு எழுதிட்டு இருக்கோம். அதிரை அண்ணே, முதல் தாழை அளவு வர்ற ஞாயித்துக்கிழமை காலையில 6 மணிக்கு, தண்ணி இறங்குற நேரம் பாத்து வச்சிருக்கோம். சதவீதம் பாக்க கண்ண பழக்கணும்னு சொன்னீங்களே, அன்னைக்கு ஒரு நாள் மட்டும் கூட வந்து நிக்க முடியுமா? சின்னப்பாலம் அக்கா, மகளிர் குழுவுல நாலு பேர் அடுத்த மாசம் உங்க ஊருக்கு வர்றோம்.